மணியின் கன்னிப்பேச்சில் ஓர் எண்

ஜூலை 5, சனி

காலை ஏழுக்கே 36 டிகிரி. ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க நீர். ஏசி கசிவு, கீழே வாளி. மெக்கானிக்குக்குத் தொ.பே. "கல் பக்கா, சாப்" என்றான், நாளை நிச்சயமாம். இது அவனுடைய மூன்றாவது நாளை.

மணி வந்துவிட்டான். இங்கே தன் மகள் வீட்டில் ஒரு வாரம், பிறகு சென்னை, பிறகு டெல்லியில் பதவியேற்பு. பத்து மணிக்குக் கூப்பிட்டான். "டேய், எம்.பி. பேசறேன்." சிரித்தான். நானும் சிரித்தேன், அரை வினாடி தாமதமாக. கவனித்திருக்க மாட்டான்.

நாற்பது வருடத்துக்கு முன் ஒரே நாளில், ஒரே நாளிதழில், இருவரும் பயிற்சி நிருபர்கள். அவனை மதுரைக்கு அனுப்பினார்கள், என்னை டெல்லிக்கு. மாநிலங்களவையின் செய்தியாளர் மாடத்தில் பதினொரு வருடம் உட்கார்ந்தேன். பின்னால் கட்சிப் பத்திரிகைக்கு ஆசிரியர் வேண்டும் என்று முதலில் கூப்பிட்டது என்னைத்தான். நிருபன் கட்சிக்காரன் ஆகக் கூடாது என்றேன். (சம்பளம் போதாது என்பதும் உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை.) மணி போனான். நான் துபாய் வந்தேன். பத்தொன்பது வருடமாக வணிகப் பக்கம். இன்றைய வேலை: 22 காரட் விலை, இரண்டு விமானத் தாமதம், ஒரு புதிய மால்.

போன மாதம் மாநிலங்களவைக்குக் கட்சி மணியின் பெயரை அறிவித்தது. ஆறு இடம், ஆறு மனு, போட்டியில்லை. சான்றிதழைப் பிடித்தபடி மணியின் படம். என் மனைவி பத்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மாத்திட்டார் போல" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

மணிக்குக் கழுத்து மூடிய கோட்டு வேண்டுமாம், டெல்லிக்கு. சத்வா கடைத்தெருவில் ஒரு தையல்காரரிடம் கூட்டிப் போனேன். பெஷாவர்காரர், தாடியில் மருதாணி. மணி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான்: பார்லிமெண்ட் மெம்பர். "பாகிஸ்தான் பார்லிமெண்டா?" இல்லை, இந்தியா. பரவாயில்லை, நெஞ்சளவு எல்லா நாட்டிலும் ஒன்றுதான் என்று உருதுவில் சொல்லிவிட்டு நாடாவைப் போட்டார்.

நாற்பத்திரண்டு அங்குலம். என்னைவிட மூன்று அதிகம். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்?

மாதிரிக் கோட்டைப் போட்டுக் கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நின்றான்.

"நீ மாடத்துல இருந்து பாத்தவன்டா. மேல இருந்து பாத்தா எப்படி இருக்கும்?"

"வழுக்கை தெரியும்."

தையல்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தார்.

மாடத்தில் எங்களுக்கு விதிகள். கால் மேல் கால் போடக் கூடாது. கைப்பிடிச் சுவரில் சாயக் கூடாது. சாய்ந்தால் காவலர் வந்து தோளைத் தொடுவார். கீழே சிவப்புக் கம்பளத்தில் உறுப்பினர்கள் தூங்கலாம். மணி இனி சாயலாம்.

அடுத்த கடை மீரான் பாயுடையது. ஜவுளி, காயல்பட்டினத்துக்காரர், எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர். மணியைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வரவேற்பு, சங்க மலரும் அன்றைக்கு அறிவிப்பு. "நம்ம மெம்பர் டெல்லியில என்ன பேசப் போறாவளோ, அத எங்களுக்கு மொதல்ல பேசிக் காட்டணும். மலர்லயும் போட்டுருவோம். என்ன சார் சொல்லுதிய?"

கேட்டது என்னை. நல்ல யோசனை என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஏசிக்காரன் வந்தான். பார்த்தான். கேஸ் மாஃபி, இல்லையாம். போனான்.

மணி தன் கன்னிப்பேச்சின் வரைவைக் கொண்டுவந்தான், ஐந்து பக்கம். பொருள்: மாநிலங்களவையில் நம் மாநிலத்தின் எழுபது வருடம். என் பொருள். இருபது வயது நிருபன் ஒருவனுக்கும் இதில் ஆர்வம் இருந்ததில்லை. நான்தான் நோட்டு போட்டு வைத்தேன். ஆறு ஆறு பேராக யார் வந்தார், யார் ஓய்ந்தார், யார் முதல் நாளே எழுந்தார், யார் ஆறு வருடமும் வாய் திறக்கவில்லை. பதினோரு நோட்டு. வீடு மாறிய நான்கு தடவையும் கையோடு வந்தவை. இதைப் புத்தகமாக்கப்போவதாக மணியிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். ஆக்கவில்லை. அவன் ஐந்து பக்கத்தில் ஆக்கிவிட்டான். நன்றாகவும் எழுதியிருக்கிறான். அதுதான்.

"உன் நோட்ட வெச்சுப் பாத்து டிக் போட்டுக் குடுடா. நீ போட்டா நான் திரும்பிப் பாக்க மாட்டேன்."

இரண்டாம் பக்கம், மூன்றாவது பத்தி: "இந்த அவை முதன்முதலாகக் கூடிய நாளிலிருந்து இன்றுவரை எங்களுக்குப் பதினெட்டு இடங்கள்."

தவறு. தொடக்கத்தில் 27, அது பழைய சென்னை மாகாணம், பாதி ஆந்திரமும் மலபாரும் சேர்ந்தது. ஆந்திரம் பிரிந்ததும் 18. ஐம்பத்தாறில் மாநிலங்களைத் திருத்தியபோது 17. பிறகு ஆந்திரத்தோடு எல்லை மாற்றிக்கொண்டோம், திருத்தணி வந்தது, இடம் மறுபடி 18. நோட்டைத் திறக்கவே வேண்டாம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

மணி சமையலறையில் பத்மாவோடு பேசிக்கொண்டிருந்தான். டெல்லியில் வீடு, எந்தத் தெரு என்று இன்னும் தெரியாதாம். "முன்னாடி ஒரு வேப்பமரம் இருந்தாப் போதும் அண்ணி."

பேனா கையில். அந்த வரிக்கு நேராக டிக் போட்டேன். எல்லாப் பக்கத்திலும் கீழே முதலெழுத்தும் போட்டேன், பழைய அச்சக வழக்கப்படி. முதலெழுத்து விழுந்த பக்கத்தை அப்புறம் யாரும் பார்ப்பதில்லை.

கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்தான். டீ நன்றாயிருக்கிறது என்றான்.

ஜூலை 9, புதன்

வேலை ஓடவில்லை. தங்கம் விலையில் ஒரு புள்ளி இடம் மாறிப் போய்விட்டது. பக்கம் கட்டுபவர் பிடித்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

நானே எனக்குச் சொல்லிக்கொள்வது: (அ) யாருக்கும் தெரியாது. (ஆ) தெரிந்தாலும் பெரிதில்லை. (இ) அவன் தேடியிருக்கலாம். (ஈ) அவைக் குறிப்பில் ஏறும். என்றைக்காவது ஒருத்தன் படித்துவிட்டு, இந்த ஆளுக்குத் தன் மாநிலத்தின் கணக்கே தெரியவில்லை என்பான்.

(ஈ)க்காகத்தான் போட்டேன். எழுதிவிட்டால் அடங்கும் என்று பார்த்தேன்.

இரவுச் சாப்பாட்டில் பத்மா: "ஏங்க, அவர் கேட்டாரு. 'அண்ணி, இவன் எம்மேல கோவமா'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"ஏசி ரிப்பேர், அதான்னு சொன்னேன்."

ஜூலை 11, வெள்ளி

சத்வா, உணவகத்தின் மாடி அரங்கு. நூற்றுச் சொச்சம் பேர். ஈரக்காற்றில் எல்லார் சட்டையும் முதுகில் ஒட்டியபடி. சால்வைகள்: மணிக்கு ஒன்பது, எனக்கு ஒன்று. எண்ணினேன்.

பக்கத்து நாற்காலியில் இரண்டு பேர்:

"எம்.பி.க்கு நம்ம கம்பெனியில லேபர் கேம்ப் விஷயம் சொல்லலாமா?"

"மொதல்ல பிரியாணி சாப்புடு. தீந்து கலாஸ் ஆயிரும்."

மணி பேசினான். குரல் இன்னும் அப்படியே. "முதல் நாளிலிருந்து இன்றுவரை பதினெட்டு!" என்று விரல் நீட்டினான். கைதட்டல். நான் தட்டினேனா என்று நினைவில்லை.

அதன் பிறகு, தாளைக் கீழே வைத்துவிட்டு:

"இதுல ஒரு வார்த்தை தப்பிருக்காது. ஏன்னா பாத்தது அவன்." என்னைக் காட்டினான். "எந்திரிடா. மதுரையில உக்காந்துகிட்டு தினம் அவன் செய்திய படிப்பேன். பொறாமையா இருக்கும். நம்மள அனுப்பலையே, இவன அனுப்பிட்டானுங்களேன்னு. இவன் எழுதுனா நான் திரும்பிப் பாக்கறதில்ல. இப்பவும் அப்படித்தான்."

எழுந்தேன். கும்பிட்டேன். உட்கார்ந்தேன். பிரியாணியில் உப்பு குறைவு என்றார்கள், எனக்குத் தெரியவில்லை.

அத்தனை வருடம் அவனும் பொறாமைப்பட்டிருக்கிறான். ஆனால் என் செய்தியில் ஒரு காற்புள்ளியைக்கூட அவன் மாற்றியதில்லை.

ஜூலை 12, சனி

மலரின் அச்சுப்படி பிழை திருத்த என்னிடம் வந்தது. மீரான் பாய் அனுப்பிய ஆள் கொடுத்துவிட்டு, மத்தியானத்துக்குள் வேண்டும் என்று போனான். மணியின் பேச்சு, பக்கம் பதினான்கு.

வாயால் சொன்னதைப் பொறுத்துக்கொண்டேன். அச்சில் முடியவில்லை. படித்துக்கொண்டே போனேன், அந்த வரி வந்தது, கை தானாக அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியது: 27, 18, 17, 18. சிவப்பு மை. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியே அனுப்பினேன்.

மூன்று மணிக்கு மீரான் பாய், தொ.பே.யில்:

"சார், கோவிச்சுக்காதிய. மெம்பர் பேசுனது ஒண்ணு, நீங்க எழுதியிருக்கது ஒண்ணு. எது சரி?"

"எழுதினது."

"அப்ப நேத்து அவிய சொன்னது? நீங்க பாத்துக் குடுத்ததுன்னுல்லா சொன்னாவ?"

"ஆமா."

பின்னால் துணி கிழிக்கும் சத்தம்.

"நான் மெம்பர்ட்ட கேக்கவா? இல்ல, நீங்களே சொல்லிக்கிடுவியளா?"

நானே சொல்கிறேன் என்றேன். "அதுதான் நல்லது சார்" என்றார். குரலில் குற்றம் இல்லை. இரக்கம் இருந்தது, அது மோசம்.

ஜூலை 13, ஞாயிறு

மணியை விமான நிலையத்துக்கு நானே ஓட்டிப் போனேன். அவன் மகளிடம் அப்படித்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பின்சீட்டில் கோட்டு, உறை போட்டுத் தொங்கியது. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது போல.

சுங்கச் சாவடி தாண்டும்வரை முட்டாள்தனமாகப் பேசினேன். மழை, ரூபாய், அவனுடைய சர்க்கரை. அப்புறம் சொன்னேன்.

"ரெண்டாம் பக்கத்துல பதினெட்டு தப்பு."

"எந்தப் பதினெட்டு?"

சொன்னேன், நான்கு எண்ணும்.

"அட. திருத்தணியில வந்த இடமா அது? நல்லாருக்கேடா, இதையே பேசலாமே. எப்பக் கண்டுபிடிச்சே?"

இந்த இடத்தில் "நேற்று" என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"செவ்வாய்க்கிழமை. படிக்கும்போதே."

"டிக் போட்டிருந்தியே."

"தெரிஞ்சுதான் போட்டேன்."

ரோட்டையே பார்த்தான். இரண்டு சிக்னல். ஏன் என்று கேட்பான், ஒரு சொல்லில் பதில் சொல்லலாம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பையிலிருந்து ஐந்து தாளையும் எடுத்து மடியில் விரித்தான். ஒவ்வொன்றாய்ப் பார்த்தான், என் டிக்குகளை.

"வேற எங்க?"

"வேற இல்ல மணி."

"இல்லன்னு எப்படித் தெரியும் எனக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டான், ஒரு நிருபன் கேட்பது போல. நாற்பத்தேழு டிக். நாற்பத்தாறு சத்தியமாகச் சரி. அதைச் சொல்ல என் வாய்தான் இருக்கிறது.

புறப்பாட்டு வாசலில் பெட்டியை இறக்கினேன். கோட்டை அவனே எடுத்துக்கொண்டான். "பத்மாகிட்ட சொல்லு. டீ நல்லாருந்துச்சுன்னு." தோளைத் தட்டினான். வழக்கமாகக் கட்டிக்கொள்வான்.

திரும்பி வந்தபோது பத்மா தட்டு வைத்தாள்.

ஜூலை 28, திங்கள்

பதவியேற்பு. அலுவலகத்தில் சத்தமில்லாமல் செல்போனில் பார்த்தேன். கோட்டு சரியாக விழுந்திருக்கிறது, சத்வாக்காரர் சமர்த்தர். தமிழில் உறுதிமொழி. கையெழுத்துப் போட இடக்கைப் பக்கம் போனான், ஒருவர் திருப்பிவிட்டார். புது ஆட்கள் எல்லாரும் செய்வது. என் மூன்றாம் நோட்டில் அப்படி நான்கு பேர்.

வாழ்த்து அனுப்பினேன். ஒரு கும்பிடு வந்தது. படம்தான், எழுத்து இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

புழுதிக்காற்று. ஏசி சரியாகிவிட்டது, மூன்று தடவை வந்ததற்கும் பில்.

மத்தியானம் மணி பேசினான், அவையில். ஏழு நிமிடம். 27, 18, 17, 18 என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான். திருத்தணிக்கு ஒரு வாக்கியம், நல்ல வாக்கியம். யாரோ மேசையைத் தட்டினார்கள். நோட்டில் உள்ள எல்லாம் வந்தது. ஒன்றும் பிசகவில்லை. கூடவே படித்துச் சரிபார்த்தேன். அந்த வேலையை எனக்கு யாரும் தரவில்லை.

மாலை அவனிடமிருந்து செய்தி: "முடிஞ்சுதுடா. இங்க நூலகத்துல ஒரு அம்மா, மூணு நாள் உக்காந்து அஞ்சு பக்கத்தையும் ஆவணத்தோட ஒப்பிட்டுப் பாத்துக் குடுத்தாங்க. மத்ததெல்லாம் சரின்னாங்க. அபாரமான அம்மாடா. இனிமே எதுன்னாலும் அவங்ககிட்டதான்."

நான்கு தடவை படித்தேன். மணியின் எம்.பி. நாற்காலி ஞாபகமே வரவில்லை, அந்த அம்மாவின் நாற்காலிதான் வந்தது.

அந்த அம்மாவுக்கு எத்தனை வருட சர்வீஸ் என்று கேட்டு அனுப்பினேன். பார்த்துவிட்டான். பதில் இல்லை.