சிவப்புக் காரின் உள்விளக்கு

கூட்டாளி,

என் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருக்கிறது. எஞ்சின் எண்ணெய் வாடையும், பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளைத் தூளின் வாடையும் அதில் ஏறியிருக்கின்றன. அதை முகர்ந்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நானேதான் எழுதுகிறேன். ஒரு வரி முடிவதற்குள் கோப்பி ஆறிவிடுகிறது. ஆனாலும் ஆசையாக இருக்கிறது.

முப்பது வருஷம் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் மழையில் நனைந்தவன் நீ. வேலையை விட்டதும் அந்தச் சிவப்புக் காரை வாங்கினாய். பழையதுதான். ஆனால் பந்தயக் கார் மாதிரி தரையோடு தரையாக, இரண்டே கதவு, இரண்டே இருக்கை. "பிள்ளைங்கள எங்க உக்கார வைக்கிறதாம்?" என்று உன் மனைவி கேட்டதற்கு, "அதுங்க பஸ்ஸுல வரட்டும்" என்றாய். ஜோகூர் பாருவில் உன் அடுக்குமாடியில் நிறுத்த இடமில்லாமல், பாலோவில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் கொண்டுவந்து விட்டாய்.

"வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி வையி. சும்மா கெடந்தா பேட்டரி செத்துரும்."

கடைசியாக வந்தபோது எஞ்சின் முன்மூடியைத் திறந்து, அதன் உள்பக்கத்தில் ஒரு காகிதத்தை ஒட்டினாய்.

"என்னாடா அது?"

"உனக்குத்தான். எழுதியிருக்கேன்."

"எனக்கா? நான் என்னா கண்டேன்?"

சிரித்துக்கொண்டே மூடியைச் சாத்தினாய். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் நிரப்பச் சொல்லும் பாரத்தை என் கையிலிருந்து பிடுங்கி, "இவன் கண்ணாடிய மறந்துட்டான்" என்று நீயே எழுதிக் கொடுப்பாய். என் வீட்டில்கூடத் தெரியாது. தினமும் பேப்பரை விரித்து வைத்துப் படம் பார்ப்பேன்.

நீ கண்ணை மூடிய பதினாறாம் நாள் உன் படமும் பேப்பரில் வந்தது. கீழே நான்கு வரி இருந்தது. "என்னா போட்டுருக்காங்க?" என்று என் மனைவி கேட்டாள். "நல்லாத்தான் போட்டுருக்காங்க" என்றேன். அன்று பட்ட வெட்கத்தை வேறு எந்த நாளிலும் நான் பட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் குளுவாங் கோயிலில் நடந்த தமிழ் வகுப்பில் சேர்ந்தேன். வீட்டில் பஜனைக்குப் போவதாகச் சொன்னேன். எழுதிப் பழக இடம் வேண்டுமே. சாயங்காலம் உன் காரைப் போர்த்தியிருக்கும் துணியை ஒரு பக்கம் தூக்கி, உள்ளே உட்கார்ந்து, கூரை விளக்கைப் போட்டுக்கொண்டு, ஸ்டீயரிங் மேல் நோட்டை வைத்து எழுதுவேன். பக்கத்து இருக்கையில் நீ இருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்வேன்.

அப்போதுதான் பேட்டரி சாக ஆரம்பித்தது. கழற்றிக்கொண்டு போய்க் கரண்டு ஏற்றி வருவேன். நாலைந்து நாளில் மறுபடி செத்துவிடும். கடைத்தெருச் சீன மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு அங்கிள். உள்ளுக்கு யாரோ கரண்டு சாப்புடுறான் லா."

ஒரு மழைச் சாயங்காலம் கோழிகளை அடைக்கப் போனேன். போர்த்திய துணிக்கு அடியில் மங்கலாக மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. அன்று நான் எழுதி முடித்து வெளியே வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. நீதான் உள்ளே இருக்கிறாய் என்று நினைத்து நின்றேன். ஓடத் தோன்றவில்லை. மறுநாள் ஒரு கோப்பி கலக்கிக் கொண்டுபோய்க் கார் பக்கத்தில் வைத்தேன். எறும்புதான் குடித்தது. அதிலிருந்து கதவைத் திறக்கும் முன் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

உன் காகிதத்தை மட்டும் படிக்கவில்லை. எழுத்துக் கூட்ட வந்த பிறகும் படிக்கவில்லை. படித்துவிட்டால் உன்னிடமிருந்து எனக்கு வர வேண்டிய பேச்சு அதோடு தீர்ந்துவிடுமே.

போன சனிக்கிழமை உன் மகள் மாலதி வந்தாள். அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழங்களை நான்கு சக்கரத்துக்கும் முன்னால் வைத்தாள். கார் வழக்கம்போலச் செத்துக் கிடந்தது.

"இன்னிக்கு ஸ்டார்ட் ஆச்சுன்னா நான் ஓட்டிட்டுப் போயி வச்சுக்கிறேன், மாமா. இல்லன்னா பழைய இரும்புக்காரன வரச் சொல்லிருக்கேன். இதப் பத்திப் பேசினாலே அம்மா அழுவுறாங்க."

தன் கார் பேட்டரியிலிருந்து கரண்டு கொடுக்க, அதைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திக் கேபிளை எடுத்தாள். "எத எதுல மாட்டணும்? மாத்தி மாட்டினா வயரெல்லாம் பொசுங்கிருமாம்."

எனக்கும் தெரியவில்லை. முன்மூடியைத் திறந்தாள். "அப்பா எழுத்து. எனக்குத் தமிழ் படிக்க வராது மாமா, நான் மலாய் ஸ்கூலு. நீங்க படிங்க."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டேன். இந்த முறை உண்மையிலேயே தேவைப்பட்டது. விரல் வைத்துப் படித்தேன். 'சிவப்பு முதலில். இரண்டு பேட்டரியிலும் பிளஸ்ஸில் மாட்டு. பிறகு கறுப்பு. ஒரு முனை அந்தக் கார் பேட்டரியின் மைனஸில். மறு முனை நம் பேட்டரியில் வேண்டாம், எஞ்சின் இரும்பில்.' நான் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அவள் அவசரப்படாமல் மாட்டினாள்.

கடைசி முனையைக் கவ்வவிட்டதும் உன் காருக்குள் கூரை விளக்கு எரிந்தது. உள்ளே யாரும் இல்லை.

"யாரு மாமா லைட்டப் போட்டா?"

காகிதத்தில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. 'உள்விளக்கை அணைத்தாயா, கூட்டாளி?'

அதைச் சத்தமாகப் படிக்க என்னால் முடியவில்லை. "நான்தாம்மா போட்டேன்" என்றேன். அந்தச் சின்ன விளக்கு ஒரு காரையே சாகடிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சில நாள் அணைத்திருக்கிறேன், பல நாள் மறந்திருக்கிறேன். கரண்டைத் தின்றவன் நான்தான். அதுவரை புரிகிறது. ஆனால் நீ அதை எழுதிய நாளில் நான் அந்த விளக்கைத் தொட்டதுகூட இல்லை. படிக்கத் தெரியாதவனுக்கு ஏன் எழுதி வைத்தாய்? 

இரண்டாம் முறை சாவியைத் திருப்பியதும் கார் உறுமிக்கொண்டு எழுந்தது.  காகிதத்தைப் பிய்த்து என் கையில் கொடுத்து, தன் காரை எடுக்க மறுநாள் பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டு, மாலதி பழங்களை நசுக்கிக்கொண்டு ஓட்டிப் போனாள். இப்போது கொட்டகையில் நான்கு எலுமிச்சைக் கறை மட்டும் இருக்கிறது. போனால் கை தானாகத் தட்டப் போகிறது. தட்டக் கதவு இல்லை.

எடுத்து வைத்திருந்த பழைய பேப்பரையும் படித்தேன். அன்று என் மனைவியிடம் நான் சொன்னது பொய்யில்லை. நல்லாத்தான் போட்டிருக்கிறார்கள்.

அவளுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. இப்போது குசினி மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன். எழுதி முடித்து விளக்கை அணைத்ததும் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு, "அணைச்சிட்டேன்டா" என்கிறேன்.

"இப்ப யாரு கேட்டா?" என்கிறாள் அவள்.