வெங்காய மூட்டைக்கு விழுந்த அபராதம்

பாலக்கரை, திருச்சி
11-2-1962

பினாங்கில் இருக்கும் என் அன்பு மச்சானுக்கு ஆபிதா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் நம் மகள் மஜீதாவும் சுகம். நோன்பு தொடங்கி ஐந்தாறு நாளாகிறது. உங்கள் கடை மாடியில் விடியுமுன் ஸஹருக்கு யார் சமைக்கிறார்களோ, வயிற்றைக் காயப்போடாதீர்கள்.

உங்கள் கடிதம் போன திங்கட்கிழமை கிடைத்தது. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி குடியுரிமைக்கு நேரில் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பதினைந்து வருஷம் அந்த மண்ணில் உழைத்த உழைப்புக்கு அந்தக் காகிதமாவது கையில் வரட்டும். அது இல்லாவிட்டால் கடை லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்கிறீர்கள். எனக்கும் அந்தக் கவலைதான். கடை போனால் நாம் எல்லோரும் போனோம்.

எப்போதாவது கோர்ட்டில் அபராதம் கட்டியது உண்டா என்று கேட்பார்களாம், நீங்கள் இல்லை என்று சொல்லப்போகிறீர்களாம். பெட்டியில் இருக்கும் சைக்கிள் அபராத ரசீதுகளை எடுத்து எரித்துவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் ஊருக்கு வருகிறவர்களிடமெல்லாம் கொடுத்தனுப்பிய காகிதம் ஒன்றைக்கூட நான் இதுவரை தூரப்போட்டதில்லை. ஆறு பேர் படுக்கிற மாடியில் காகிதம் தங்காது, உன்னிடம் இருந்தால் பத்திரம் என்று சொன்னது நீங்கள்தானே.

இருந்தாலும் இங்கிலீஷில் என்னதான் எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். மஜீதா பத்தாவது படித்தாலும் அவளிடம் காட்டத் தோன்றவில்லை. நம் சந்தில் குடியிருந்த கிளமென்ட் சார் ஞாபகம் இருக்கும், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மகள் வீட்டோடு ஸ்ரீரங்கம் போய்விட்டார். நோன்போடு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்று, நெரிசலில் ஏறி, ஆற்றைத் தாண்டிப் போனேன். போய்ச் சேர்வதற்குள் தலை சுற்றிவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து நீட்டிய அவர் மகளுக்கு நோன்பு என்று சொல்லிப் புரியவைத்தேன்.

முதல் இரண்டு ரசீதும் விளக்கு இல்லாமல் சைக்கிள் ஓட்டியதற்கு. சார் சிரித்துவிட்டார். “ஏம்மா, இதெல்லாம் ஒரு குத்தமா? எங்க கோர்ட்ல காலையில பத்து பேர் இதுக்கு வந்து நிப்பாங்க. கேட்டா ஆமான்னு சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க, ஒண்ணும் பண்ண மாட்டாங்க” என்றார். அந்த ஊர் கோர்ட்டிலும் பேரேடு இருக்கும், நாம் காகிதத்தை எரித்தால் அவர்கள் பேரேடு எரியாது, அபராதத்தை மறைத்தால்தான் பொய்யன் என்று மனுவைத் தள்ளுவார்கள் என்றும் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

மூன்றாவது ரசீது ஐம்பத்தேழாம் வருஷத்தது. வெங்காய மூட்டை ஏற்றிப்போனதற்கு அபராதம் போட்டுவிட்டான் என்று அப்போது எழுதியிருந்தீர்கள். நானும் அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன். எங்க வீட்டு மச்சான் சைக்கிளில் சந்தையையே தூக்கிக்கொண்டு போகிறார் என்று பெருமை வேறு. அந்த ரசீதோடு போலீஸ்காரன் எழுதிய காகிதம் ஒன்றும் குத்தியிருந்தது. உங்களுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, அதையும் சேர்த்தே அனுப்பிவிட்டீர்கள்.

சார் அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் விடவில்லை. என்னவென்று மறுபடியும் கேட்டேன். “பின்னால ஒரு பொம்பளையும் கைக்குழந்தையும் உக்காந்திருந்ததா எழுதியிருக்கும்மா. சம்சாரம், பிள்ளைன்னு அவரே சொன்னதா இருக்கு” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அதற்கு முந்தின வருஷம்தான் நீங்கள் வந்துவிட்டுப் போனீர்கள். அதற்கப்புறம் வரவில்லை. ஏன் என்று இப்போது தெரிகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த முசிறிக்கார அம்மாள் நோன்புக் களைப்பு என்று நினைத்து விசிறினாள். வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சினேன். மஜீதாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அத்தா என்றால் உயிர். மூன்று நாளாக உங்களுக்கு என்ன எழுதுவது என்று யோசித்து யோசித்து மனசு அலுத்துவிட்டது. சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை. மார்க்கம் தடுக்காததை நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் என்னிடம் ஏன் வெங்காயம் என்று சொன்னீர்கள் மச்சான்? அதுதான் ஆறவில்லை.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் தேதி மூன்று அபராதத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். மூன்றாவதைக் கேட்டால் வெங்காயம் என்று சொல்லிவிடாதீர்கள், அவர்கள் பேரேட்டில் வேறு இருக்கிறது. மனைவி மக்கள் யார் யார் என்று கேட்டால் அங்கே இருப்பவர்களையும் சொல்லுங்கள், இங்கே இருக்கும் எங்களையும் சொல்லுங்கள். யாரையும் விட்டுவிட வேண்டாம். ரசீது மூன்றையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இனி அவற்றை வைத்துக் காப்பாற்ற என்னால் ஆகாது.

உங்கள் மனு நல்லபடி முடிய ஒவ்வொரு நாளும் நோன்பு திறக்கும்போது துஆ கேட்கிறேன். அந்த நேரத்தில் கேட்பது வீண்போகாது என்பார்கள். முதலில் உங்கள் பெயர், அடுத்து மஜீதா பெயர் சொல்லிக் கேட்கிறேன். அதற்கப்புறம் நாக்கு நின்றுவிடுகிறது. அன்றைக்குக் கைக்குழந்தை என்றால் இப்போது பள்ளிக்கூடம் போகிற வயசு இருக்கும். ஆணோ பெண்ணோ தெரியவில்லை. நோன்பு முடிவதற்குள் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதி அனுப்புங்கள்.

உங்கள் ஹயாத்து நீளவும் பரக்கத்து பெருகவும் கையேந்தும்,
ஆபிதா