ஏலத்தில் நீங்களும்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். சாய்வு நாற்காலியைத் தேடாதீர்கள். கண் சிகிச்சை முகாமுக்குப் பணம் திரட்ட எங்கள் சேவைச் சங்கம் இன்று மாலை நடத்தும் ஏலத்துக்குப் போய்விட்டது.

“வீட்ல இருக்கிறதையெல்லாம் சங்கத்துக்கே தூக்கிக் குடு. என்னையும் சேர்த்து ஏலம் விட்டுடு!” என்று நேற்று குதித்தீர்களே, உங்கள் பேச்சை என்றைக்குத் தட்டியிருக்கிறேன்? ‘ஒரு நாள் முழுக்க எந்த வீட்டு வேலையும் முகம் சுளிக்காமல் செய்வார்’ என்று எழுதி உங்களையும் சேர்த்துவிட்டேன்.

சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு ஆறு மணிக்கு மண்டபத்துக்கு வாருங்கள். சரக்கு பளிச்சென்று இருக்க வேண்டாமா?

சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

பி.கு.: பயப்படாதீர்கள். யார் எவ்வளவு கேட்டாலும் உங்களை விட்டுக்கொடுக்க மாட்டேன், நானே எடுத்துவிடுவேன். நம் பரண் இன்னும் சுத்தம் செய்யாமலே கிடக்கிறது.