அப்பாவின் மடியில் அரிசி மூட்டை

அப்பா,

இன்று இங்கே லிவர்மோர் ஊர்க் கடையில் வாங்கிய அரிசி மூட்டையைக் கார் டிரங்கிலிருந்து தூக்கினேன். "விடு, நான் தூக்கறேன்" என்று உங்கள் மாப்பிள்ளை ஓடி வந்தார். விடவில்லை. சணலும் அரிசியும் கலந்த அந்த வாசனையோடு தைல நெடியும் எங்கிருந்தோ வந்துவிட்டது. கராஜிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் இடுப்பு எலும்பு சின்ன வயதிலிருந்தே கோணல். வழக்கமாகப் போடுகிற செயற்கை மூட்டு எதுவும் பொருந்தாது என்று ஸ்கேன் எடுத்து, உங்களுக்கென்றே தனியாகச் செய்து வைத்தார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் எக்ஸ்ரேயைக் காட்டி, "அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி!" என்று பீற்றிக்கொண்டீர்கள். இத்தனை வருஷம் தள்ளிப்போட்ட ஆபரேஷனுக்கு ஏன் சம்மதித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் வீட்டில் பெண்ணை அப்பா மடியில் உட்கார வைத்துத்தான் தாலி கட்டுவார்கள். வைகாசியில் என் கல்யாணம்.

தாழ உட்காரக் கூடாது, குனியக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது என்று சொல்லித்தான் வாக்கரோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கெண்டைக்கால் வீங்கினால் உடனே போன் பண்ணச் சொன்னாள் நர்ஸ். எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள். ஒரு மத்தியானம், என்னவோ மனசு சரியில்லை என்று அம்மா கூப்பிட்டதால் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தேன். உயரமான நாற்காலியில் நீங்கள், மடியில் அரிசி மூட்டை!

"என்னப்பா இது கூத்து?"

"பிராக்டிஸ் பண்றேன். உன் வெயிட்டுக்கு இன்னும் நாலு மூட்டை வேணும்டி!"

சிரித்துத் தொலைத்தேன். அப்போதுதான் தைல நெடி அடித்தது. வேட்டியை விலக்கினேன். கெண்டைக்கால் மினுமினுவென்று வீங்கியிருந்தது. காலையிலிருந்து அதைத் தேய்த்து உருவிக்கொண்டிருந்தீர்களாம்.

"டாக்டருக்கு போன் பண்றேன்."

"பண்ணினா மறுபடியும் அட்மிட் பண்ணிடுவான். முகூர்த்தம் தள்ளிப்போகும். மூட்டை வெச்ச வலிம்மா, நாளைக்குச் சரியாயிடும்."

நான் பிளிப் போனைத் திறக்கும்போதே, "மூச்சு முட்டறதே" என்றீர்கள், மெல்ல. ஆம்புலன்ஸில் போன நீங்கள் திரும்பவில்லை. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டதாம். அப்படி வீங்கிய காலைத் தேய்க்கவே கூடாதாம். நமக்கு என்ன தெரியும்? வலித்தால் தைலம், வீங்கினால் தைலம். உங்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை அப்பா. முகூர்த்தம் போனால் இன்னொன்று பார்த்திருக்க மாட்டோமா?

தகனத்தில் எல்லாம் சாம்பலான பிறகும், உங்களுக்கென்று செய்த அந்த உலோகம் மட்டும் அப்படியே இருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வருஷம் திரும்பியதும் கல்யாணம். அம்மாவின் தம்பி மடி கொடுக்க வந்தார். "வேண்டாம் மாமா" என்றேன். நீங்கள் வைத்துப் பழகிய அதே மூட்டையை, சமைக்கவே விடாமல் காத்து வைத்திருந்ததை, மணமேடைக்குக் கொண்டுவரச் சொன்னாள் அம்மா. அதன் மேல் உட்கார்ந்தேன். புடவை மடிப்புக்குள், யாருக்கும் தெரியாமல், உங்கள் இடுப்பு என் மடியில் இருந்தது. தாலி ஏறும்வரை அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

அதை இப்போதும் அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். எடுத்தால் சில்லென்று இருக்கும். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தால் சூடாகிவிடும், அப்பா.