மருமகனின் தோட்டாவும் எங்கள் வீட்டுக் குக்கரும்

12 நவம்பர் 2006, ஞாயிறு

துப்பாக்கி சுடும் கழகத்தில் பழகவென்று மருமகன் மலிவான கைத்துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறார். அதில் சாதாரணத்தைவிட வெடி அழுத்தம் கூடிய தோட்டா போடப்போகிறாராம். துப்பாக்கியைச் செய்தவர்கள் அதற்குச் சம்மதமா என்று கேட்டேன்.

"கடைக்காரன் பரவாயில்லை எண்டவன், மாமா."

துப்பாக்கியே வெடித்தால் அவருடைய விரல்கள் போய்விடுமே என்று எனக்குக் கவலை. ஓர் உதாரணம் சொன்னேன்.

"குக்கர் எவ்வளவு ஆவி தாங்குமெண்டு செய்தவனுக்குத்தான் தெரியும், தம்பி. விசிலை அமத்திப் பிடிச்சால் வெடிக்கும்."

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"சும்மா பயப்படுத்தாதேங்கோ. நான் எத்தினை வருசமாக் கரண்டியாலை அமத்துறன். ஒண்டும் நடக்கேல்லையே."

மருமகன் அடுப்படி வாசலில் நின்று மெல்ல அண்ணாந்து, அங்கே கூரையில் காய்ந்து ஒட்டியிருந்த பருப்பைப் பார்த்தார்.

"நான் சாதாரணத் தோட்டாவே போடுறன், மாமா."

இனி இவளுக்கு எந்த உதாரணத்தைச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.