வரும் வியாழக்கிழமை கிளம்புகிறீர்கள்

உங்களுக்கு,

கண்ணாடிக் கடை நடக்கிறது. லென்ஸ் வெட்டும் மெஷினோடு நீங்கள் இணைத்துவைத்த பழைய கம்ப்யூட்டர் போன வாரம் ஒருவழியாகக் கண்ணை மூடிவிட்டது.

ரிப்பேர்காரர் வேறொன்றைக் கொண்டுவந்து, அதிலும் அதே கறுப்புத் திரை டாஸ் சாஃப்ட்வேரைப் போட்டார்.

"இதையெல்லாம் இன்னும் யாருப்பா விக்கிறாங்க?" என்றேன்.

"விக்கலக்கா. நாலு பேர் ஆசைக்கு உக்காந்து எழுதி, சும்மாவே குடுக்கறாங்க. உங்க வீட்டுக்காரர் எழுதின புரோகிராம் அப்படியே ஓடுது, பாருங்க."

ஓடியது. ஆனால் இரண்டாயிரமாம் ஆண்டைத் தாண்ட மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. பழையதில் பேட்டரி செத்து, தேதி ஓடாமலே கிடந்ததால் இது இத்தனை நாள் தெரியவில்லை. டெலிவரி சீட்டில் கிழமை சரியாக விழட்டும் என்று, அவர் தேதியை இருபத்தெட்டு வருஷம் பின்னால் தள்ளிவைத்துவிட்டுப் போனார்; அத்தனை வருஷத்துக்கு ஒருதடவை அதே காலண்டர் திரும்ப வருமாம்.

இன்று காலை திரையைப் பார்த்தேன். அதன் கணக்குப்படி, நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போகப்போவது வரும் வியாழக்கிழமை.

தேதியை மாற்றித் தரச் சொல்லலாம். சொல்லவில்லை. இந்தத் தடவை தெருமுனை வரை பின்னால் ஓடிவர எனக்கு நேரமில்லை. அன்றைக்கு டெலிவரி இருக்கிறது.

இப்படிக்கு,
கடையில் இருப்பவள்