பெறாத ரெண்டு பிள்ளைங்க

அடியே மகராசி, "மத்த ரெண்டுக்கும் அம்மா யாரு?"ன்னு கத்திட்டுப் போனை வெச்சுட்டா எப்படி? சத்தியமா இங்க எனக்கு வேற குடும்பம் கிடையாது. உன் முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம்.

நடந்தது இதுதான். வருமான வரிப் படிவத்தை நிரப்பத் தெரியாம, ரூம்ல கூட இருக்கிற வெல்டர் எழுதினதைப் பார்த்து அப்படியே எழுதிட்டேன். பேரையும் சம்பளத்தையும் மட்டும்தான் மாத்தினேன். அவருக்கு மூணு பிள்ளைங்க, அதனால எனக்கும் மூணு. வலியே இல்லாம ரெண்டு பெத்துட்ட, போ!

இப்ப வரி ஆபீஸ்ல இருந்து நோட்டீஸ் வந்திருக்கு. மூணு பேரோட பிறப்புச் சான்றிதழோட பத்தாம் தேதி நேர்ல வரணுமாம். இந்த நாட்டுல ஒரு பிள்ளைக்கு இவ்வளவுன்னு வரி குறையுமாம். பொய் சொல்லி வரியைக் குறைச்சேன்னு முடிவு பண்ணிட்டா இந்த வாட்ச்மேன் வேலையும் போயிடும்னு சூப்பர்வைசர் சொல்றார். கேலியாத்தான் எழுதறேன், ஆனா ரெண்டு நாளா சோறு இறங்கல.

நம்ம பொண்ணோட சான்றிதழை உடனே தபால்ல அனுப்பு. கூடவே உன் போட்டோ ஒண்ணு. அதை ஆபீஸ்ல கேக்கல, நான்தான் கேக்கறேன்.

இப்பத்தான் வெல்டர்கிட்ட, "அண்ணே, பத்தாம் தேதி கூட வந்து, என் படிவத்தைப் பார்த்துத்தான் இவர் எழுதினார்னு ஒரு வார்த்தை..."ன்னு ஆரம்பிச்சேன். நான் முடிக்கிறதுக்குள்ள துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுக் குளிக்கப் போயிட்டார்.